தள்ளிப் போ என்று சொல்லாதவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே காலுக்கு நம் தெருவில் ஒரு பழைய கார் இருமிக்கொண்டே கிளம்பிப் போனதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். சிலர் தூக்கம் கலைந்து வாசலுக்கு வந்தும் பார்த்தீர்கள். மூன்றரை வருடமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்த என் ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் அது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, வழியில் எங்கும் மக்கர் பண்ணாமல் வீடு வந்து சேர்ந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போகும்போது யார் யாரோ ஞாபகத்துக்கு வந்தார்கள். திரும்பி வந்ததும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பாதிப் பேருக்கு நான் நன்றியே சொன்னதில்லை. சிலர் இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் பெயரைப் போட்டு இன்னொருவர் பெயரை விட்டால் அது வேறு வம்பு. ஆகவே யார் பெயரும் இல்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி பெரியப்பாவுக்கு. என் முதல் வண்டியைச் செய்து தந்தவர் அவர்தான். நுங்கு வண்டி. தோண்டித் தின்று முடித்த இரண்டு நுங்குக் காயை ஒரு குச்சியில் செருகி, கவைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியது. குச்சி நடுவில் இறங்காவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பெரியப்பா அதைப் பிடுங்கி, காயைத் திருப்பிப் பார்த்து, மறுபடியும் செருகித் தருவார். வீல் அலைன்மென்ட் என்ற வார்த்தையை நான் கேள்விப்பட அதற்கப்புறம் ரொம்ப வருடம் ஆனது. விஷயம் என்னவோ ஆறு வயதிலேயே பிடிபட்டுவிட்டது.

அடுத்து டாக்டர் ஐயா. 1981. எனக்கு எட்டு வயது. தங்கைக்குக் காய்ச்சல் என்று அவரை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். பார்த்து முடித்துக் கிளம்பும்போது அவருடைய ஹெரால்டு ஸ்டார்ட் ஆகவில்லை. அவர் இறங்கி வந்து, பானெட்டின் இரண்டு பக்கமும் இருந்த கொக்கிகளை விடுவித்து, கண்ணாடிப் பக்கத்திலிருந்து தூக்கினார். மூடி மட்டும்தான் மேலே போகும் என்று நினைத்துக்கொண்டு நின்ற எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மட்கார்டு, ஹெட்லைட், முன்பக்கம் மொத்தமும் ஒரே துண்டாக எழுந்து ரோட்டைப் பார்த்துக் கவிழ்ந்தது. உள்ளே என்ஜின், முன் சக்கரம் இரண்டு, ஸ்பிரிங், ஒயர் எல்லாம் வெட்டவெளியில் நின்றன.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அம்பாசடரிலோ பியட்டிலோ பானெட்டைத் திறந்தால் எட்டு வயதுப் பையனுக்கு ஒன்றும் தெரியாது. மட்கார்டு அவன் தாடை வரைக்கும் மறைக்கும். பெரியவர்கள் குனிந்து நின்றால் அவர்கள் முதுகுதான் தெரியும். ஹெரால்டு அப்படியில்லை. இங்கிலாந்தில் 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டு, இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிகெலாட்டி வரைந்த வண்டி. 1961 முதல் நம் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி அதைத் தயாரித்தது. டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சின்னப் பையனின் கண்ணுக்கு நேராக என்ஜின் வந்து நிற்கும் கார் அந்தக் காலத்தில் நம்மூரில் அது ஒன்றுதான்.

"தள்ளிப் போடா" என்று அவர் சொல்லியிருக்கலாம். அவசரத்தில் இருந்தார், அடுத்த வீட்டில் ஒரு நோயாளி காத்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் தூக்கி வலது பக்க டயர் மேல் உட்கார வைத்துவிட்டு, "எங்கயாவது ஒயர் கழண்டிருக்கான்னு பாரு, உன் கண்ணு நல்ல கண்ணு" என்றார். ஸ்பார்க் ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன ஒயர் ஒன்று கழன்று தொங்கியது. தற்செயல்தான். ஆனால் அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

அது எப்படி ஓடுகிறது என்று அவரிடமே கேட்டேன். "உன் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு கேளு, சொல்றேன். இதுக்குள்ள என்ன இருக்குன்னு பட்டறையில போய்க் கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போனேன். பட்டறை என்றால் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, ஒரு குழி, ஒரு வேப்பமரம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மூன்று நாள் ரோட்டோரம் நின்று பார்த்தேன். நாலாவது நாள் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "ஏலே, மூணு நாளா ரெண்டு காலை மட்டும் பாத்துக்கிட்டு இருக்கேன். யாருல அது? அந்த அரை இஞ்ச் ஸ்பேனரை எடு."

அதுதான் பட்டறை அண்ணாச்சி. எனக்குப் பின்னக் கணக்கு சொல்லித் தந்தவர் அவர். பள்ளி வாத்தியார் கோபித்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்து வண்டி என்பதால் ஹெரால்டுக்கு இஞ்ச் ஸ்பேனர்தான் சேரும். ஏழில் பதினாறு, அரை, ஒன்பதில் பதினாறு என்று அவர் பாஷையில் கேட்பார். அதாவது 7/16, 1/2, 9/16. தப்பான ஸ்பேனரை நீட்டினால் வாங்க மாட்டார், திட்டவும் மாட்டார். வண்டிக்கு அடியிலிருந்து கை அப்படியே நீண்டிருக்கும். சரியானதைக் கொடுத்தால்தான் உள்ளே போகும். அரைக்கும் ஏழு பதினாறுக்கும் எது பெரியது என்று ஒரு வாரத்தில் கை சொல்லிவிட்டது.

அவர் சொல்லித் தந்ததில் ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன், ஹெரால்டு வைத்திருக்கும் யாருக்காவது உபயோகப்படும். முன் சக்கரம் திரும்புகிற இடத்தில், அடியில், ட்ரன்னியன் என்று ஒரு வெண்கல உருப்படி உண்டு. சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது ட்ரன்னியனுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழலும். பார்த்தவுடன் கிரீஸ் கன்னை வைத்து அடிக்கத்தான் யாருக்கும் தோன்றும். அதுதான் தப்பு. கிரீஸ் கட்டிப்போய் மரையின் அடிவரைக்கும் இறங்காது. உள்ளே துரு ஏறும். ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். அங்கே கியர் ஆயில்தான் போட வேண்டும். "ஹெரால்டு சக்கரம் கழண்டு ஓடும்னு ஊரெல்லாம் சொல்லுதான். வண்டியில ஒரு குத்தமும் இல்ல. கிரீஸ் அடிச்சவன் கையிலதான் குத்தம்" என்பார். இங்கிலாந்தில் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களும் இன்றுவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

1983 டிசம்பரில் முதல் மாருதி 800-க்குச் சாவி கொடுத்தார்கள். எங்கள் ஊருக்கு ஒன்று வந்து சேர இரண்டு வருடம் போல ஆனது. அண்ணாச்சி அதைச் சுற்றி வந்து, பானெட்டைத் திறந்து, மூன்று சிலிண்டர்தான் என்று எண்ணிப் பார்த்து, "முக்காலில உக்காந்துக்கிட்டு எவ்வளவு தூரம் போவான்?" என்றார். அடுத்த மாதமே மதுரைக்கு ஆள் அனுப்பி 10, 12, 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் வாங்கி வைத்துவிட்டார். அந்தப் புது செட்டைத் துடைத்து வைக்கிற வேலை எனக்கு.

இந்த இடத்தில் அம்மா. வெள்ளைச் சட்டையில் கிரீஸோடு தினம் வீட்டுக்கு வந்த பையனை அவள் ஒரு தடவைகூட பட்டறைக்குப் போகாதே என்று தடுக்கவில்லை. ஒரு பழைய சட்டையைப் பட்டறையில் வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் முடிந்தது, அது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேய்த்து, அப்புறம் சவுக்காரம் போட்டு அலசுவாள். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் வருடம் முழுக்க மண்ணெண்ணெய் வாடையைப் பொறுத்துக்கொண்டான். அவனுக்கும் சேர்த்து நன்றி.

அப்பாவுக்குக் கார் ஆசை கிடையாது. ஆனால் பஸ்ஸில் டிரைவர் பக்கத்துச் சீட்டைப் பிடிக்க எனக்காகக் கூட்டத்தில் முண்டியடித்தவர் அவர். மெட்ராஸில் இருந்த சித்தப்பா ஒரு பிப்ரவரி மாதம் என்னைச் சோழவரத்துக்குக் கூட்டிப் போனார். உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் 1990-இல் வருவதற்கு முன்னால் கார் ரேஸ் என்றால் சோழவரம்தான். தெருவில் பார்க்கிற அதே அம்பாசடரும் பியட்டும் வயிற்றை எக்கிக்கொண்டு பறந்ததைப் பார்த்தேன். ஆறு மணி நேரம் வெயிலில் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்ற சித்தப்பாவுக்கு ரேஸில் துளிக்கூட ஆர்வம் இல்லை என்று அவருடைய அறுபதாம் கல்யாணத்தில்தான் எனக்குத் தெரியும்.

அப்புறம் பி.காம்., கணக்கு எழுதும் வேலை, கல்யாணம், குழந்தை. அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த வண்டி காரைக்குடிப் பக்கம் ஒரு கொட்டகையில் கிடந்தது. 1969 மாடல், நாலு கதவு. நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது, நம் ஊர்க் கம்பெனி தானாகச் செய்துகொண்டது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை வண்டியை எடுக்கக் கூடாது என்று அந்த வீட்டு ஆச்சி சொல்லிவிட்டார். பன்னிரண்டு நாள் காத்திருந்தேன். ஆச்சிக்கு நன்றி, பேசிய விலையில் அந்தக் கோழிக்காக ஐந்நூறு ரூபாய் குறைத்ததற்கும்.

முதலில் வண்டியை விட்ட இடத்தில் முன்பணத்தை வாங்கிக்கொண்டு எட்டு மாதம் தொடவே இல்லை. அது எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். அங்கிருந்து மீட்டுக்கொண்டு வந்ததும், அண்ணாச்சியிடம் ஒருகாலத்தில் வேலை பழகிய டிங்கர் பாய் ஒரே பார்வையில், "பாடி எல்லாம் போல்ட்டுல நிக்குது, பயப்படாதீங்க சார், கழட்டி மாட்டிரலாம்" என்றார். சொன்னபடியே செய்தார். அடித்தட்டு ஒரு பக்கம் கையை விட்டால் ரோடு தெரிந்தது. அதைப் புதுத் தகட்டில் அடித்து, பட்டி பூசும் இடத்தை உள்ளங்கை அளவுக்கு மேல் போகவிடாமல் பார்த்துக்கொண்டார். லேத் பட்டறைத் தம்பி ராத்திரி பதினொரு மணிக்கு புஷ் கடைந்து தந்தார். சீட் தைத்த குஷன்காரர் கோழிக் கூண்டின் வைக்கோலை எடுத்துக்கொண்டே சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் மூன்று சந்து சுற்றி, பின் விளக்குக் கண்ணாடி ஒன்றைத் தேடித் தந்த கடைக்காரர் காசு வாங்கவில்லை. ஒன்று என்றால் ஒன்று. ஜோடி கிடைக்கவில்லை. இடதும் வலதும் நிறம் லேசாக மாறித்தான் இருக்கும், சுட்டிக்காட்ட வேண்டாம்.

லண்டனில் இருக்கும் தங்கை மகனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. இரண்டு கிலோ கடலை மிட்டாயோடு போனவன், ட்ரன்னியன் செட்டும் பிரேக் சிலிண்டரும் உள்ளாடைக்கு நடுவில் சுற்றி எட்டு கிலோ இரும்போடு திரும்பி வந்தான். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, வெண்கல உருப்படியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஹெரால்டா?" என்று கேட்டாராம். அவர் யாரென்று தெரியாது. அவருக்கும்தான் இந்த மடல்.

அண்ணாச்சி போய் ஒன்பது வருடமாகிறது. அவர் மகன் இப்போது இரு சக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். வண்டியை முதன்முதலாக ஸ்டார்ட் செய்த அன்று அவர் வந்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு பழைய ஃபீலர் கேஜை என் கையில் வைத்தார். "அப்பா பெட்டியில துருப்பிடிக்காம கிடந்தது இது ஒண்ணுதான்." டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாய்ன்ட்டின் இடைவெளி ஆயிரத்தில் பதினைந்து இஞ்ச். அந்தத் தகட்டை விட்டுத்தான் வைத்தோம். 948 சிசி என்ஜின், மூன்றாவது தடவை செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது.

என் வீட்டுக்காரிக்கு நன்றி சொன்னால் கணக்குக் கேட்பாள், ஆகவே சுருக்கமாக: நன்றி. எதிர் வீட்டு அம்மாவிடம் மன்னிப்பு, கொடியில் காய்ந்த போர்வையில் நீலப் பெயின்ட் தெறித்ததற்கு. டாக்டர் ஐயாவின் மகள் ஊரிலிருந்து வந்து பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எங்க வண்டிக் கதவு இவ்வளவு சத்தம் போடாது" என்றார். அந்த வண்டி எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது, யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. சரி, கதவைப் பார்க்கிறேன்.

இனி ஞாயிறுதோறும் காலை ஏழு முதல் ஒன்பது வரை வண்டி வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும். பானெட் திறந்தே இருக்கும். தெருப் பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். டயர் மேல் உட்காரலாம், ஒயரைத் தொடலாம், ஸ்பேனரை எடுக்கலாம். பழைய சட்டையாகப் போட்டு அனுப்புங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் நான்தான் திறப்பேன்.

அன்புடன்,
நீல ஹெரால்டுக்காரன்
கோவில்பட்டி