கியூவை மாற்றாதே மாப்ளே

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். தென்னைக்கு வெள்ளை ஈ வந்து பாதி ஓலை கறுத்துக் கிடக்கிறது. ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்பதுதான் டீக்கடைப் பேச்சு. நாம் சித்தூர் காலேஜில் படித்த காலத்திலும் இதே பேச்சுத்தான்.

சரி, உன் மேஜைப் பந்தாட்ட விஷயம், பில்லியர்ட்ஸ் மாதிரி கோலால் அடித்துப் பந்தைக் குழியில் தள்ளுகிற அந்தப் பூல் ஆட்டம். விலை கூடிய கியூ, அதாவது ஆட்டக் கோல், வாங்கியும் நேர்ப் பந்துகூடப் பாக்கெட்டில் விழமாட்டேன் என்கிறது, கோல் நுனியிலுள்ள தோல் டிப்பை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறாய். மாற்றாதே. நீ அனுப்பிய வீடியோவை நாலைந்து தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். குறி சரியாகத்தான் இருக்கிறது. அடிக்கிற அந்த நொடியில் பின்கை கியூவை இறுக்கிப் பிடிக்கிறது, முழங்கை கீழே இறங்குகிறது, தலை மேலே எழும்புகிறது. மூன்றும் சேர்ந்தால் எந்தக் கியூவும் கோணித்தான் போகும்.

வேலந்தாவளம் வழியாக பஸ் பிடித்து கோயம்புத்தூரில் ஒரு வாத்தியாரிடம் போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன் இல்லையா? முதல் நாள் அந்த மனுஷர் பந்தையே தொட விடவில்லை. காலி சோடா பாட்டிலை டேபிளில் படுக்க வைத்து, "கியூ நுனி இதன் வாய்க்குள்ளே போய் வரட்டும், கண்ணாடியில் படக்கூடாது" என்றார். டிங் டிங் என்று சத்தம் கேட்டால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை. அவ்வளவுதான் பாடம். நம்மூரில் கள்ளுப் பாட்டிலுக்கா பஞ்சம், இப்போது வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே நடக்கிறது. உன் தங்கச்சி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

பிடி எப்படி இருக்க வேண்டும் என்றால், தூக்குப்போசியின் வளையத்தை விரலில் மாட்டி நடப்போமே, அந்த அளவுக்குத்தான். தோளும் மேல்கையும் அசையாது. முழங்கைக்குக் கீழே மட்டும்தான் ஆட்டம். டிப் பந்தைத் தொடும்போது முன்கை தரைக்குச் செங்குத்தாகத் தொங்க வேண்டும். பின்னால் இழுத்ததும் ஒரு கணம் நிறுத்து. அந்த நிறுத்தம் இல்லாதவர்கள்தான் அவசரப்பட்டுக் குத்துகிறார்கள்.

டிப் பந்தோடு ஒட்டியிருப்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடிதான். அப்புறம் நீ கியூவை முன்னே விட்டாலும் விடாவிட்டாலும் போன பந்துக்குத் தெரியப்போவதில்லை. பின்னே அடித்த பிறகும் கியூவை முன்னே விடுகிற இந்த ஃபாலோ த்ரூ எதற்கு என்று வாத்தியாரிடம் வாதாடினேன். "தொடுவதற்கு முன்னாடியே நீ பிரேக் போட்டாயா இல்லையா என்று அது காட்டிக்கொடுக்கும்" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது.

வீட்டில் பாட்டில் பயிற்சி போதும். கிளப்பில் ஒன்று செய்து பார். 9 முதல் 15 வரை எண் போட்ட பட்டைப் பந்துகளில் ஒன்றை எடு. அடிக்கிற திசையிலேயே பட்டை நிமிர்ந்து நிற்கும்படி வைத்து, அதையே கியூவால் அடிக்கிற வெள்ளைப் பந்தாக நினைத்து நட்ட நடுவில் அடி. நடுவில் பட்டால் பட்டை நிமிர்ந்தபடியே உருண்டு போகும். ஒரு நூல் விலகினாலும் தள்ளாடும். எதிர்ப்பக்க மேஜை விளிம்புக் குஷனில் பட்டு உன் டிப்புக்கே திரும்பி வந்தால் ஸ்ட்ரோக் நேராக இருக்கிறது என்று அர்த்தம். பந்தைச் சுழலவிடுகிற ஸ்க்ரூ, ஸ்பின் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர் எஃப்ரன் ரேயஸ் வீடியோ பார்த்துப் பழகுவதாக எழுதியிருக்கிறாய். 1999-இல் கார்டிஃபில் நைன் பால் என்கிற ஒன்பது பந்து ஆட்டத்தில் உலகப் பட்டம் வாங்கியவர், யார் இல்லை என்றது? அந்த நீள இழுப்பும் தளர்ந்த மணிக்கட்டும் மணிலா பூல் ஹாலில் சின்ன வயதிலிருந்தே வளர்ந்தவருக்கு அமைந்தது. சனி ஞாயிறு மட்டும் ஆடுகிற நமக்கு அது ஆகாது.

வாத்தியார் எதற்கு, யூடியூப் போதாதா என்றும் கேட்டிருக்கிறாய். யூடியூப் உனக்குச் சொல்லும், உன்னைப் பார்க்காது. பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் ஆடுகிற பங்கஜ் அத்வானி 25-க்கும் மேல் உலகப் பட்டங்கள் வைத்திருக்கிறார். பெங்களூரில் அவரை உருவாக்கியது அரவிந்த் சவூர் என்ற பழைய ஆட்டக்காரர். அத்வானிக்கே பின்னால் நின்று பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

அதற்காகப் போட்டிக்கெல்லாம் போகச் சொல்லவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை யாராவது விஷயம் தெரிந்தவர் உன் முழங்கையைப் பார்த்தால் போதும். நடுவில் செல்போனைப் பக்கவாட்டில் வைத்து நீயே எடுத்துப் பார்த்துக்கொள். முன்னாலிருந்து எடுத்தால் முழங்கை சரியாகத் தெரியாது, போன தடவை நீ அப்படித்தான் எடுத்திருந்தாய்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? பொள்ளாச்சியில் இறங்கினால் கோபாலபுரம் வழியாக பஸ் இருக்கிறது, ஏழு மணிக்கு மேல் குறைவு, பார்த்துக்கொள். கியூவையும் எடுத்து வா. அந்த வாத்தியாரிடம் ஒரு நாள் கூட்டிப் போகிறேன். வரும்போது டிப்பில் தேய்க்கிற நல்ல சாக் இரண்டு டப்பா வாங்கி வந்தால் புண்ணியம், இங்கே கிடைப்பது மாவாக உதிர்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்மேட்