அடுப்பைப் பற்றவைப்பவருக்கு வால்வைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் குழாய் கேஸ் ஒவ்வொரு பகுதியாக வந்துகொண்டிருக்கிறது. எங்கள் குடியிருப்பிலும் பல வீடுகளில் இணைப்பு கொடுத்துவிட்டார்கள். சிலிண்டர் எப்போது வரும் என்று வாசலைப் பார்க்க வேண்டியதில்லை, மூன்றாவது மாடிக்குத் தோளில் தூக்கி வரும் தம்பிக்கும் அந்தப் பாடு இல்லை, நல்ல விஷயம்தான். ஆனால் இணைப்பு கொடுக்கிற விதத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது. வருகிறவர்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டுகிறார்கள், கடகடவென்று ஏதோ சொல்கிறார்கள், படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த அடுப்பில் தினமும் நிற்கிற அம்மாவுக்கோ, பாட்டிக்கோ, காலையில் வந்து சமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிற அக்காவுக்கோ எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று யாரும் காட்டுவதில்லை.

இதில் என்ன பெரிய வித்தியாசம், அதுவும் கேஸ் இதுவும் கேஸ்தானே என்று கேட்கலாம். வித்தியாசம் நிறைய இருக்கிறது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே ஏறி கூரைக்கு அடியில் சேரும். நம் வீடுகளில் மேலே என்ன இருக்கிறது? சமையலறை வென்டிலேட்டரைப் புறா வருகிறது, கொசு வருகிறது என்று அட்டையோ தெர்மாக்கோலோ வைத்து அடைத்திருப்போம். கொஞ்சம் வசதியான வீடென்றால் ஃபால்ஸ் சீலிங் போட்டு அந்த வழியையே மறைத்திருப்பார்கள். பல வீடுகளில் சாமி அலமாரியும் சமையலறையில்தான், அதுவும் உயரத்தில், அங்கே காலையும் மாலையும் விளக்கு எரியும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்திருந்தால் தீப்பற்ற ஒரு பொறி போதும் என்னும்போது, வெளியேற வழியில்லாத கூரையையும் அதனடியில் எரிகிற விளக்கையும் நினைத்தாலே எனக்குப் பதைக்கிறது. தயவுசெய்து அந்த அட்டையை எடுத்துவிடுங்கள். புறாவுக்கும் கொசுவுக்கும் வலை அடித்துக்கொள்ளலாம், காற்றும் போகும்.

இன்னொன்று, சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ, தீர்ந்தால் தீர்ந்தது. குழாய் அப்படி இல்லை, யாராவது மூடுகிற வரை வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வால்வைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது, அவ்வளவுதான், இதைப் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் மாடுலர் கிச்சன் செய்ய வருகிற தச்சர் அழகு கெடுகிறதென்று வால்வையும் சேர்த்துப் பெட்டி அடித்துவிடுகிறார், அதற்கு முன்னால் மளிகை டப்பாக்கள் அடுக்கப்படுகின்றன. எங்கள் குடியிருப்பிலேயே ஒரு வீட்டில் அரிசி டின்னை நகர்த்தி, இழுப்பறையை வெளியே எடுத்தால்தான் வால்வு கைக்குக் கிடைக்கும். கசிகிற நேரத்தில் இதற்கெல்லாம் அவகாசம் ஏது?

வாடை வந்தால் முதலில் வால்வை மூடுங்கள், விளக்கோ ஊதுபத்தியோ எரிந்தால் அணையுங்கள், ஜன்னல் கதவையெல்லாம் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் வாடை போய்விடும் என்று கை தானாக அங்கேதான் போகும், அதைத்தான் செய்யக்கூடாது, ஸ்விட்சில் வருகிற பொறியே போதும். போனையும் வெளியே வந்த பிறகு எடுத்துப் பேசுங்கள், பில்லில் இருக்கிற கம்பெனியின் அவசர எண்ணுக்கோ 101-க்கோ. மீத்தேனுக்கு வாடையே கிடையாது, நமக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வாடைப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தால் மூக்குக்கு அது பழகிவிடும், அதனால் ‘இப்போது வாடை இல்லையே’ என்று உள்ளேயே இருந்துவிடாதீர்கள்.

அடுப்பு விஷயமும் சொல்ல வேண்டும். குழாய் கேஸுக்கு மாற்றும்போது பர்னருக்கு அடியில் இருக்கும் ஜெட்டை, அதாவது கேஸ் வெளிவருகிற சின்னத் துளையுள்ள திருகை, எடுத்துவிட்டுப் பெரிய துளை உள்ளதைப் போடுகிறார்கள், இந்த வாயுவில் அதே அளவுக்கு வெப்பம் குறைவு என்பதால். அந்த அடுப்பைப் பிறகு ஊருக்கு அனுப்புவதும், வீட்டு வேலை செய்கிற அக்காவுக்குக் கொடுப்பதும் நம்மிடம் சகஜம். கொடுங்கள், ஆனால் ஜெட்டைச் சிலிண்டருக்கு ஏற்ற மாதிரி திரும்ப மாற்றிக் கொடுங்கள். அப்படியே சிலிண்டரில் மாட்டினால் சுடர் மஞ்சளாகப் பெரிதாக எழும், கரி பிடிக்கும், காற்றோட்டம் இல்லாத சின்ன வீட்டில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. நல்லது நினைத்துக் கொடுத்த பொருள் அங்கே ஆபத்தாகிவிடும்.

தெருவில் மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ பள்ளம் தோண்டும்போது கேஸ் லைன் போகிற இடம் தோண்டுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று அசோசியேஷன்காரர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கம்பெனிகளிடம் உங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்பது இதுதான். இணைப்பு கொடுக்கிற அன்று அந்த வீட்டில் சமைப்பவர் யாரோ அவரை அழைத்து, அவர் கையாலேயே வால்வை மூடித் திறக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள். அவசர எண்ணைத் தமிழில் பெரிய எழுத்தில் வால்வுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டுப் போங்கள். ஏற்கெனவே இணைப்பு வாங்கிய வீடுகளுக்கும் ஒரு முறை திரும்பி வந்து இதைச் செய்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னை