பட்டாளத்துத் தாத்தாவைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவின் தாத்தா பட்டாளத்தில் இருந்தவர் என்பது இலங்கை மலையகத்தில் எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) எல்லோருக்கும் தெரிந்த கதை. எந்தப் பட்டாளம், ஏன் போனார் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில். கங்காணியோடு (தொழிலாளர்களை மேய்ப்பவர்) மல்லுக்கட்டிவிட்டு இந்தியாவிலிருந்த ஊருக்கு ஓடிவிட்டார், பெண்டாட்டி பிள்ளையை ஏழு வருஷம் தவிக்கவிட்டார் என்பதே அதிகம் அடிபட்ட பேச்சு. அது பொய் என்று பழைய பத்திரிகைகள் சொல்லிவிட்டன. அவற்றைப் புரட்ட உதவியவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஹட்டன் ஆசிரியர் ஐயாவுக்கு. தோட்டத்து ஆளின் பேரை அந்தக் காலப் பத்திரிகை லேசில் போடாது, அதனால் பேரைத் தேடாமல் வருஷத்தைத் தேடு என்றார். வருஷம் எங்களிடம் இருந்தது. 1939 ஆடியில் தம்பி கல்யாணத்துக்கென்று தமிழ்நாட்டு முசிறிப் பக்கம் போனார் என்று அப்பாயி தன் மாமியாரிடம் கேட்டு வைத்திருந்தார்.

சரி என்று அந்த ஆடி மாதத்து வீரகேசரியை (கொழும்புத் தமிழ் நாளிதழ்) பார்த்தால், சாதாரண மாதமா அது! இலங்கை அரசாங்க இலாகாக்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நிறுத்தும் விவகாரம் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஜூலையில் நேரு வருகிறார், இங்குள்ள இந்திய வம்சாவளியினரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறக்கிறது. ஆகஸ்ட் 1 முதல் கூலி வேலைக்கு யாரும் இலங்கைக்குப் போகக்கூடாது என்று இந்திய அரசாங்கம் தடை போடுகிறது. கல்யாணத்துக்குப் போனவர் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே தலைமன்னார்க் கப்பல் ஓடத்தான் செய்தது, அவர் ஏற வழியில்லை. அடுத்த மாதமே உலகப் போர். கையில் வேலையில்லாத வாலிபனுக்கு அப்புறம் என்ன வழி இருந்திருக்கும்?

கொழும்பு தேசிய சுவடிகள் காப்பகத்து வாசிப்பறை ஊழியர்களுக்குக் கும்பிடு. அந்தக் கட்டுகளின் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். 'ஹெமின், ஹெமின்' (சிங்களத்தில் 'மெதுவாக') என்று எச்சரித்துக்கொண்டே, முகம் சுளிக்காமல் கட்டுக் கட்டாக எடுத்துத் தந்தார்கள். தேடிப் போனது ஒன்று, வாசித்தது வேறு என்பதும் அங்கே நடந்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் போலீசாரால் சுடப்பட்ட செய்தி கண்ணில் பட்டபின் தாத்தாவை மறந்துவிட்டேன். விடாமல் வாசித்தேன்.

பேரைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பேராதனையில் படிக்கும் தங்கச்சி ஒருத்தி, தன் ஆய்வு வேலைக்கு நடுவே, 1946இன் தோட்டச் செய்திகளைப் புரட்டும்போது எங்கள் தோட்டத்தின் பேரைப் பார்த்துப் படம் பிடித்து அனுப்பினாள். ஐந்தே வரி. பர்மா போர்முனையிலிருந்து திரும்பிய இருவருக்கு மாரியம்மன் கோயில் முன்றலில் மாலை போட்டு வரவேற்பு. ஒருவர் மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர் என்று எங்கள் தாத்தாவின் பேர், அவருடைய அப்பா பேரோடு. சண்டைக்குப் போன துரைமாருக்கு இங்கிலிஷ் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதியிருக்கின்றன. எங்களுக்கு ஐந்து வரி. ஆனாலும் அதை எழுதிய அந்த நிருபர் யாரென்றே தெரியாமல் அவருக்கும் ஒரு நன்றி.

சாப்பர்ஸ் என்றால் யார் என்று விளக்கியவர் சென்னையிலுள்ள அக்கா. எங்களுக்காக சென்னைப் பத்திரிகையான சுதேசமித்திரன் இதழ்களையும் புரட்டினார். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட படை. பாலம் போடுவதும் பாதை வெட்டுவதும் கண்ணிவெடி எடுப்பதும் அவர்கள் வேலை. 1944 டிசம்பரில் பர்மாவின் களேவாவில் சிந்த்வின் ஆற்றுக்குக் குறுக்கே பெரிய பெய்லி பாலம் (துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பூட்டும் இரும்புப் பாலம்) போட்ட செய்தியையும் அவர்தான் காட்டினார். மழை நாளில் வாய்க்கால் பெருகினால் மூங்கிலை வெட்டிப் பாலம் கட்டிக்கொடுத்து, கொழுந்தெடுக்கும் பெண்களைக் கடத்திவிடுவாராம் தாத்தா. எங்கே கற்ற வேலை என்று இப்போது விளங்குகிறது.

இன்னொன்றும் விளங்கியது, அது கசப்பானது. இந்திய வம்சாவளியினருக்கான 1949 சட்டப்படி இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள், 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருஷம், மணமாகாதவர் என்றால் பத்து வருஷம், தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். தாத்தாவின் விண்ணப்பம் தள்ளப்பட்டது. காரணம் சொன்னவர் வீட்டில் யாருமில்லை. நடுவே ஏழு வருஷம் ஓட்டையாகக் கிடந்ததே என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. திரும்பி வர ஒரு அரசாங்கம் விடவில்லை, வராததை இன்னொரு அரசாங்கம் கணக்கு வைத்தது.

கூடலூரில் இருக்கும் அத்தைப் பாட்டிக்கு என்ன சொல்வது! மலையகத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போனவர், கப்பலேறும்போது தன் அப்பாவின், அதாவது எங்கள் தாத்தாவின், பட்டாளத்துப் படத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். பேரனை விட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். தொப்பி சற்றுச் சாய்ந்திருக்கிறது, மீசை எங்கள் அப்பாவுக்கு இருப்பதேதான். அப்பா அன்று முழுக்கப் போனைக் கீழே வைக்கவில்லை.

ஒரு வேண்டுகோள். அந்த ஐந்து வரியில் வரும் இரண்டாமவரின் பேர் தாள் கிழிந்த இடத்தில் போய்விட்டது. கடைசி எழுத்துகள் 'முத்து' என்று தெரிகிறது. மஸ்கெலியாப் பக்கம் பெண் எடுத்தவர் என்று எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். உங்கள் வீட்டிலும் 1946இல் பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு முத்து இருந்தால், அந்தச் செய்தியின் நகல் ஹட்டன் ஆசிரியர் ஐயாவிடம் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.