வராதவர்களின் கணக்கு

பல்லடம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டாயிற்று. வீட்டுச் சேதி அவ்வளவுதான்.

எங்கள் மனநல முகாமால் யாருக்காவது உண்மையில் குணமாகிறதா என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. மாதாமாதம் நாங்கள் எழுதி அனுப்புவது முகாம் எத்தனை, வந்தவர் எத்தனை, மாத்திரை வாங்கியவர் எத்தனை என்பதுதான். கூட்டம் கூடினால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. போன வாரம் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். முதல்முறை வந்தவர்களின் பெயருக்கு நேரே இரண்டாவது வருகைக் கட்டம் பக்கத்துக்குப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று அறிக்கையில் கேட்பாரே இல்லை.

மனச்சோர்வை அளக்க 9 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. கடந்த இரண்டு வாரத்தை வைத்துக் கேட்பது; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. நல்ல கருவிதான், நானும் நம்புகிறேன். ஆனால் தறிக்கு நூல் தார் சுற்றும் ஒரு அக்காவிடம், "எதிலும் ஆர்வமில்லாமல் இருக்கா?" என்று கேட்டபோது, "ஆர்வமெல்லாம் நமக்கெங்கீங்க கண்ணு, தறி ஓடுனாப் போதும்" என்றார். அதற்கு என்ன எண் போடுவேன்? அப்புறம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டதும் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே அரைமணி நேரம் பேசினார். கேட்கும் விதம் சரியில்லையென்றால் வரும் எண்ணும் சரியிருக்காது.

இன்னொரு வீட்டில், இரண்டு வருடமாகத் திண்ணையை விட்டு இறங்காதவர் இப்போது தறியில் பாவு நூல் பிணைக்கும் வேலைக்குப் போகிறார். காதில் கேட்கும் குரல்கள் முழுக்க நிற்கவில்லை. ஆனாலும் வாரக் கூலியை வாங்கி வந்து மனைவி கையில் கொடுக்கிறார். என்னைக் கேட்டால் இதுதான் முதல் அளவுகோல். எங்கள் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

மனநலச் சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோக அரசின் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கியது. அப்படியிருந்தும், 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல ஆய்வில், நோய்க்கு நோய் மாறினாலும், மனநோய் உள்ள 100 பேரில் 70-க்கு மேல் சிகிச்சை கிடைக்காதவர்கள் என்று தெரிந்தது. அதனால் வந்தவர்களை எண்ணினால் மட்டும் போதாது. இந்த ஊரில் வரவேண்டியவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் வந்தார்கள், ஆறு மாதம் கழித்தும் மாத்திரையை விடாதவர் யார், வேலைக்குத் திரும்பியவர் யார் என்று எண்ண வேண்டும். கூட வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் ஒருநாளாவது நிம்மதியாகத் தூங்கினாரா என்பதையும் கேட்க வேண்டும்.

நீ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவன். வீடு தேடிப் போகும்போது கையில் எடுத்துப் போக ஒரே பக்கத்தில் அடங்குகிற மாதிரி ஒரு படிவம் போட்டுக் கொடு. இரண்டாவது தடவை வராதவர்களின் பெயர்களைத் தனியாக எழுதி வைத்துவிட்டேன். வியாழக்கிழமை சோமனூர்ப் பக்கம் இருப்பவர்களைப் பார்க்கப் போகிறேன். சனிக்கிழமை நீ வந்தால் நோட்டுகளை விரித்து வைத்துப் பேசலாம். கச்சாயம் சுட்டு வைப்பதாக அம்மா சொன்னார்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்