கதிரேசனுக்கு, நைட்லி பில்டு விஷயமாக

மாப்ள கதிரேசா,

காப்பிப் பறிப்பு ஆரம்பித்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லை, மழையும் விட்டபாடில்லை என்று ஒரு பக்கம் புலம்பிவிட்டு, போகிறபோக்கில் "ஸ்கிரைபஸ் நைட்லி போடலாம்னு இருக்கேன், ரெப்போ கிடைச்சிருச்சு" என்று முடித்திருந்தாய் பார், லேபிளும் பத்திரிகையும் வடிவமைக்கிற ஸ்கிரைபஸ் சாஃப்ட்வேரின் தினசரிச் சோதனைப் பதிப்பை ஒரு ரெப்போவிலிருந்து, அதாவது சாஃப்ட்வேர் இறக்குகிற இணையக் கிடங்கிலிருந்து, போடப் போகிறேன் என்கிற அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இங்கே செவ்வாய்ப்பேட்டையில் தை முகூர்த்தப் பத்திரிகை வேலை கழுத்தை நெரிக்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது ப்ரூஃபில் என் எழுத்துப்பிழையைக்கூட அவரே கண்டுபிடிக்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போடாதே என்று சொல்ல மாட்டேன். தமிழில் வேலை செய்கிறவனுக்குப் புதுசு மேல் ஆசை வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கிரைபஸ் 1.4 காலத்தில் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் கிடந்தது. 2017இல் வந்த 1.5.3இல்தான் தமிழ் மாதிரி எழுத்துகள் ஒழுங்காகச் சேர ஆரம்பித்தன. ஆனால் 1.5 என்பதே சோதனை வரிசை. அது 1.6 என்று நிலையான பதிப்பாக வர 2024 ஜனவரி ஆகிவிட்டது. நிலையானதுதான் வேண்டும் என்று அத்தனை வருஷம் காத்திருந்தால் உன் காப்பித்தூள் பாக்கெட்டுக்கு ஒரு லேபிள்கூட அடித்திருக்க முடியாது.

நைட்லி அதற்கும் முந்தின சங்கதி. நேற்று வரைக்கும் யார் யார் என்ன கோடு எழுதிச் சேர்த்தார்களோ, அதை ராத்திரி ஒரு சர்வர் தானே கம்பைல் பண்ணிக் கட்டி வைக்கிறது. கம்பைல் ஆகிவிட்டது, அவ்வளவுதான் உத்தரவாதம். அது அடிக்கடி தொங்கினாலும் எனக்குப் பெரிய கவலை இல்லை, மூடிவிட்டுத் திறந்தால் போச்சு. ஃபைலைப் பார்த்துக்கொள். 1.5இல் சேமித்ததை 1.4 திறக்காது என்று நமக்குத் தெரியும். அதனால் நைட்லியில் திறக்கிற எந்த லேபிளையும் முதலில் ஒரு காப்பி எடுத்துவிட்டுத் திற, உன் பொங்கல் ஆர்டர் இருக்கிற ஃபோல்டர் பக்கமே அதை விடாதே.

என் கவலை ரெப்போ மேலே. டெர்மினலில் சூடோ என்று நிர்வாகி அதிகாரம் போட்டு ஒரு பிபிஏவை, அதாவது உன் உபுண்டு லினக்ஸுக்கென்று வெளியாள் நடத்துகிற ரெப்போவை, சேர்க்கிறாயே, அன்றிலிருந்து அதை வைத்திருக்கிற ஆளுக்கு உன் மெஷினில் ரூட், அதாவது எதையும் செய்கிற முழு அதிகாரம், கொடுத்துவிட்டாய் என்று அர்த்தம். சாஃப்ட்வேர் பொட்டலமான ஒரு டெப் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகும்போது அதற்குள் இருக்கிற ஸ்கிரிப்ட் ரூட்டாகத்தான் ஓடுகிறது, அது என்ன செய்கிறது என்று இன்ஸ்டால் பண்ணுகிற ஆப்ட் கருவி பார்ப்பதில்லை. மிளகுக் கொடி பார்க்க வந்தவனிடம் பீரோ சாவியைக் கொடுத்த கதைதான். ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதே என்பாய். அந்தச் சாவி வைத்திருப்பவர்தான் அனுப்பினார் என்பதற்கு அது சாட்சி, உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்பதற்கு இல்லை.

லினக்ஸில் ஃபைலைச் சுருக்குகிற எக்ஸ்இசட் கருவியின் விவகாரம் ஞாபகம் இருக்கா? 2024 மார்ச் 29. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்கிறவர் தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைகிற எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று நோண்டப் போய், 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்பிலும் பின்வாசல் வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். வைத்தவன் ஜியா டான் என்ற பெயரில் வருஷக்கணக்காக நல்லபிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை வாங்கியவன். அது டெபியன் டெஸ்டிங், அன்ஸ்டேபிள், ஃபெடோரா ராஹைடு என்று லினக்ஸ் வகைகளில் புதுசுக்கு முந்துகிற இடங்களுக்குள் போய்விட்டது, டெபியன் ஸ்டேபிளுக்குள் வரவில்லை. இத்தனைக்கும் அவை பல கண்கள் பார்க்கிற ரெப்போக்கள். ஒற்றை ஆள் பொழுதுபோக்காக நடத்துகிற பிபிஏவில் யார் அரை நொடியை அளக்கப் போகிறார்கள்?

அதனால் முதலில், ரெப்போவை நடத்துவது யார் என்று பார். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களே நடத்தினால் பாதி கவலை போச்சு, எப்படியும் அவர்கள் கோடைத்தான் ஓட்டப் போகிறாய். மோசில்லா 2023 கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் நைட்லிக்கு அப்படித்தான் சொந்த ஆப்ட் ரெப்போ திறந்தது. அதில் பேக்கேஜ் பெயரே வேறு என்பதால் வழக்கமான ஃபயர்ஃபாக்ஸ் பக்கத்திலேயே இருக்கும், ஒன்று கெட்டால் மற்றதில் வேலை ஓடும். நீ பிடித்த ரெப்போவிலும் பெயர் தனியா, இல்லை பழைய ஸ்கிரைபஸ் மேலேயே வந்து உட்காருமா என்று பார்த்துக்கொள்.

அடுத்தது பின் (pin) போடுவது, அதாவது எந்த ரெப்போவுக்கு எவ்வளவு முன்னுரிமை என்று ஆப்ட்டுக்குச் சொல்லி வைப்பது. இதை யாரும் செய்வதில்லை, எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு பிபிஏ தன்னிடம் இருக்கிற எந்தப் பேக்கேஜையும் உனக்குத் தள்ளலாம். உபுண்டுவில் இருப்பதைவிடப் பதிப்பு எண் கூடுதலாக இருந்தால் ஆப்ட் அதையே எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் இரண்டுக்கும் முன்னுரிமை ஒரே 500. இடிசி, ஆப்ட், ப்ரிஃபரன்சஸ் டாட் டி என்று போகிற ஃபோல்டரில் ஒரு ஃபைல் வைத்து, அந்த ரெப்போவில் வருகிற எல்லாவற்றுக்கும் 100, ஸ்கிரைபஸ் பேக்கேஜுகளுக்கு மட்டும் 500 என்று எழுது. அப்புறம் உபுண்டுவிலும் இருக்கிற லைப்ரரியை, அதாவது பல சாஃப்ட்வேர்கள் பகிர்ந்துகொள்கிற துணைக் கோடை, அது மாற்றாது. உபுண்டுவில் இருப்பதைவிடப் புது லைப்ரரி வேண்டும் என்று நைட்லி அடம்பிடித்தால் ஆப்ட் மறுத்துவிடும். மறுக்கட்டும், அங்கேயே நிறுத்து.

பழசுக்குத் திரும்புவதையும் யோசித்து வை. பிபிஏக்கள் இருக்கிற லாஞ்ச்பேட் தளத்தில் புது பில்டு வந்தால் பழையது பட்டியலிலிருந்து போய்விடும், நேற்று நன்றாக ஓடியதை இன்று ஆப்ட் வழியாக வாங்க முடியாது. இன்னொரு குறும்பு, ஆப்ட் கட்டளை இன்ஸ்டால் முடிந்ததும் இறக்கிய டெப் ஃபைலைத் தானே அழித்துவிடும், அதன் பழைய வடிவமான ஆப்ட்-கெட் அழிக்காது. ஆகவே ஆப்ட்-கெட்டில் போட்டு, நன்றாக ஓடுகிற டெப்பை, இறக்கியவை கிடக்கிற கேஷ் ஃபோல்டரிலிருந்து எடுத்துப் பென்டிரைவில் வை. மலை மேலே உனக்கு சிக்னல் வருகிற லட்சணத்துக்கு தினமும் அப்டேட்டும் வேண்டாம், ஒரு பில்டு பிடித்துப்போனால் அது மாறாதபடி ஹோல்டு போட்டுவிட்டுப் பறிப்பைப் பார். மொத்தமாக வெறுத்துப்போனால் பிபிஏ-பர்ஜ் என்ற கருவி உபுண்டு பதிப்புக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

இவ்வளவு தலைவலி எதற்கு என்று தோன்றினால் ஆப்இமேஜ் இருக்கிறது. ஒரே ஃபைல், ரூட் வேண்டாம், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம். உபுண்டு 22.04இல் அது ஓடுவதற்கு லிப்ஃபியூஸ்2 என்ற லைப்ரரியைத் தனியாகப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உன் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் எடுப்பேன், ஆனால் நீ கேட்கிற ஆளா.

ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், இறங்கி வந்தால் தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன், லேப்டாப்பையும் கொண்டு வா. அதற்கு முன்னால் ரெப்போவைச் சேர்த்துத்தான் தீருவேன் என்றால், இன்ஸ்டால் பண்ணாமல் ஆப்ட் பாலிசி ஸ்கிரைபஸ் என்று அடி, எந்த ரெப்போவிலிருந்து எந்தப் பதிப்பு வரும் என்று அது காட்டும், வருவதை எனக்கு அனுப்பு. போனில் படம் பிடித்துக் கோணலாக அனுப்பாதே, எழுத்தாகவே ஒட்டி அனுப்பு.

உன்,
செல்வம்