நெகட்டிவ் என்று வந்துவிட்டால் நோய் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய் பற்றி எழுதியிருந்தீர்கள். பேரே வாயில் நுழையாத நோய், அதைப் பற்றித் தமிழில் வந்ததே பெரிய விஷயம், நன்றி. ஆனால் 'ரத்தத்தில் ஆன்டிபாடி (உடம்பின் எதிர்ப்புப் புரதம்) பார்த்தால் தெரிந்துவிடும்' என்று ஒரு வரி இருந்ததே, அதைத்தான் நாங்களும் நம்பினோம், நம்பி ஏழு மாதத்தைத் தொலைத்தோம்.

என் மனைவிக்குச் சாயங்காலமானால் இடது கண் இமை தானாக இறங்கிவிடும். காலையில் ஒன்றுமே தெரியாது. ஆறு மணிக்கு மேல் ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டிவி பார்ப்பாள். அந்த ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தோம், 0.2 என்று வந்தது, பக்கத்தில் தடித்த எழுத்தில் நெகட்டிவ். '0.2 இருக்கே, அப்போ கொஞ்சம் இருக்குன்னுதானே அர்த்தம்' என்று என் அக்கா கேட்டாள். அப்படி இல்லை, பல லேபுகளில் 0.4 அல்லது 0.5-க்குக் கீழே வந்தால் நெகட்டிவ்தான், அதில் குழப்பம் இல்லை. குழப்பம் அதற்கு அப்புறம் வந்தது. பார்த்த டாக்டர் 'ஒன்றும் இல்லை, டென்ஷன்' என்று தூக்க மாத்திரை எழுதினார். பிறகு கொண்டை போடக் கையைத் தூக்கினால் பாதியிலேயே கை இறங்கிவிடும், அதையும் டென்ஷன் கணக்கிலேயே சேர்த்தோம். நடுவில் சிறுநீர்த் தொற்று என்று வேறொருவர் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார், இந்த நோய் இருப்பவர்களுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டிய மருந்து அது, ஆனால் 'நோய்தான் இல்லையே'. மூன்றாம் நாள் சோறு தொண்டையில் இறங்கவில்லை, பேச்சு மூக்கால் வந்தது.

ராத்திரி அவசரப் பிரிவில் இருந்த சின்ன வயது டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தார், ஓரமாக வைத்தார். ஒரு கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிச்சுப் போட்டு அவள் கண்மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்தபோது பாதி இறக்கிய கடை ஷட்டரைத் தூக்கிவிட்ட மாதிரி இமை மேலே போயிருந்தது! குளிரில் நரம்பும் தசையும் பேசிக்கொள்வது கொஞ்சம் நேராகுமாம். மறுநாள் நியோஸ்டிக்மின் ஊசி போட்டுத் தசைக்குத் தற்காலிகமாகப் பலம் வருகிறதா என்று பார்த்தார்கள், நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்தார்கள், இந்த நோயில் சிலருக்கு நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்குமாம், அதைப் பார்க்க சிடி ஸ்கேன். கட்டி இல்லை. நோய் மயஸ்தீனியாதான்.

அப்போது எனக்குச் சொன்னதைத்தான் இங்கே சொல்கிறேன். நரம்பிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தசையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பி ஒன்று இருக்கிறது, அதைத் தாக்கும் ஆன்டிபாடியைத்தான் இந்த டெஸ்ட் தேடுகிறது. உடம்பு முழுக்கப் பரவியவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேருக்கு அது இருக்கும், கண்ணோடு நிற்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான். என் மனைவிக்கு டெஸ்ட் எடுத்தபோது கண் மட்டும்தான், அதாவது பூவா தலையா கணக்கு. 1973-ல் மின்விலாங்கிலிருந்து பிரித்த ஏற்பியை முயல்களுக்கு ஊசி போட்டபோது அவை தசை தளர்ந்து விழுந்தன, அதைப் பிடித்துக்கொண்டு வந்த டெஸ்ட் இது. 2001-ல் மஸ்க் என்ற வேறொரு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தார்கள், 2011-ல் எல்ஆர்பி4 என்ற இன்னொரு புரதத்துக்கு எதிரானதை. அதுவரை 'நெகட்டிவ்' என்று வீட்டுக்குப் போனவர்களில் ஒரு பங்கு ஆட்களுக்கு இவை இருந்திருக்கின்றன. டெஸ்ட் எடுக்கும் முறையும் ஒன்றல்ல, ஒரு முறையில் தப்பியது உயிருள்ள செல்களை வைத்துப் பார்க்கும் முறையில் சிலருக்குச் சிக்குகிறது. என் மனைவிக்கு மஸ்க்கும் நெகட்டிவ். இன்று வரை எந்தக் காகிதத்திலும் பாசிட்டிவ் வந்ததில்லை, இந்த நோய்க்கான பைரிடோஸ்டிக்மின் மாத்திரை போட்டால் முக்கால் மணி நேரத்தில் கொண்டை போடுகிறாள்.

பாசிட்டிவ் வந்தவர்கள் படும் பாடு வேறு மாதிரி. ஆஸ்பத்திரி பெஞ்சில் பழக்கமான ஒரு பெரியவருக்கு எண் 40-க்கு மேல், டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டிக்கொண்டு தனியாக வருவார். அவருக்குப் பக்கத்தில் 3 வந்த பெண் சக்கர நாற்காலியில். எண் பெரிதாக இருந்தால் நோய் பெரிது என்று இல்லை, ஆனாலும் பாதிப் பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காசைக் கொட்டி எண் இறங்கியதா என்று பார்க்கிறார்கள்.

இன்னொன்று, நரம்பு நோய்களுக்கு ஐவிஐஜி ஏற்றுவதாக இருந்தால் ஆன்டிபாடி டெஸ்டுக்கான ரத்தத்தை அதற்கு முன்னாலேயே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது ஆயிரக்கணக்கான பேர் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி, ஏற்றிய பிறகு எடுத்தால் யாருடையதோ நம் ரிப்போர்ட்டில் தெரியலாம். அதற்காக முடிவு வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது, நரம்புகள் தாக்கப்பட்டுக் கைகால் வேகமாகத் தளரும் கியான் பாரே மாதிரி நோயில் நாட்கள் முக்கியம்.

லேபுகள் எந்த முறையில் பார்த்தார்கள் என்பதையும், நெகட்டிவ் வந்தாலும் நோய் இருக்கலாம் என்ற ஒரு வரியையும் தமிழில் அச்சடிக்கலாமே. அதுவரை எங்கள் ஃபைலில் அந்த ரிப்போர்ட்டின் மேல் என் மனைவி ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'டாக்டர், தயவுசெய்து சாயங்காலம் வந்து என் கண்ணைப் பாருங்கள்.'

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி