லிங்க்ட்இன் பக்கத்துக்கு ஏஐ: முதலில் குறிப்பு, பிறகு கருவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளாக நேர்காணல் நெருங்கும்போது, இறுதியாண்டு மாணவர்களை வேலைத் தொடர்புகளுக்கான வலைதளமான லிங்க்ட்இன்னில் பக்கம் தொடங்கச் சொல்கின்றன கல்லூரிகள். நல்ல காரியம். ஆனால் "சாட்ஜிபிடியில் கேளுங்கள், எழுதிக் கொடுத்துவிடும்" என்பதோடு பல இடங்களில் பயிற்சி முடிந்துவிடுகிறது. அதனால்தான் ஒரே வகுப்பு மாணவர்களின் அறிமுகங்கள் அனைத்தும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன. "பேஷனேட்", "ரிசல்ட்ஸ் டிரிவன்", வரிக்கு ஒரு ராக்கெட் படம். ஆளெடுப்பவர் இரண்டு வரியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்.

"நான் மெர்ச்சண்டைசர் (ஆடை ஆர்டரைத் தொடக்கம் முதல் முடிவு வரை கவனிப்பவர்), ஒரு அறிமுகம் எழுதிக் கொடு" என்று மட்டும் கேட்டால், அந்த மென்பொருளுக்கு உங்களைப் பற்றி எதுவுமே தெரியாது. மெர்ச்சண்டைசர் அறிமுகங்களில் வழக்கமாக வரும் சொற்களைக் கோத்துத் தரும். "எண்களோடு எழுது" என்றால் இன்னும் மோசம். நீங்கள் சொல்லாத எண்ணைத் தானே போட்டு, "உற்பத்தித்திறனை 30 சதவீதம் உயர்த்தினார்" என்று எழுதிவிடும். நேர்காணலில் "எப்படி உயர்த்தினீர்கள்?" என்று கேட்டால் பதில் இருக்காது.

எனவே கருவியைத் திறப்பதற்கு முன்பே குறிப்பு தயாராக வேண்டும். திருப்பூர் பின்னலாடை நிறுவனத்தில் இரண்டாண்டு வேலை பார்த்தவரை எடுத்துக்கொள்வோம். என்ன துணி, எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), ஒரே நேரத்தில் எத்தனை ஸ்டைல் (ஆடை வடிவம்) கையாண்டார், லேப் டிப் (சாய நிற மாதிரி) முதல் பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி ஆடை) வரை எந்தெந்தக் கட்டம் அவர் பொறுப்பு, இறுதி ஆய்வு எந்த ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை வரம்பு) அளவில் நடந்தது என்று பேச்சு நடையிலேயே இருபது வரி எழுதட்டும். வாய்ஸ் டைப்பிங்கில் சொன்னாலும் போதும். அதில் ஒரு சிக்கலாவது முழுமையாக இருக்க வேண்டும்: "துவைத்துப் பார்த்தபோது நீளவாக்கில் 8 சதவீதம் சுருங்கியது, பையர் (ஆடை வாங்கும் நிறுவனம்) அனுமதித்தது 5. துணியை மறுபடி காம்பாக்டிங் (துணியை முன்கூட்டியே அமுக்கிச் சுருக்கும் வேலை) அனுப்பினோம், அடுத்த டெஸ்டில் 4-க்கு வந்தது." துறை தெரிந்தவர் நின்று படிப்பது இந்த வரியைத்தான். இதை எந்த ஏஐயும் தானாக எழுதித் தராது.

இந்தக் குறிப்பை ஒட்டி, அதன் மேலே இப்படிக் கேட்கலாம்: "இதில் இல்லாத எண், பதவி, கருவியின் பெயர் எதையும் சேர்க்காதே. தகவல் போதாத இடத்தில் நீயாக நிரப்பாமல் என்னைக் கேள். முதலில் ஐந்து கேள்வி கேட்டு, என் பதில் வந்த பிறகு எழுது." கேள்வி கேட்கச் சொல்வதுதான் இதில் பெரிய பலன். நாம் சாதாரணம் என்று விட்டுவிட்ட வேலைகள் அப்போதுதான் வெளியே வருகின்றன.

வந்த வரைவில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். நீங்கள் "உதவினேன்" என்று எழுதியது "தலைமையேற்று நடத்தினேன்" என்று மாறியிருக்கும். இது அடிக்கடி நடக்கிறது. படிக்க நன்றாக இருப்பதால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். முன்னாள் மேலாளரிடம் ஒரு போன் போட்டு விசாரித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். துறைச் சுருக்கங்களுக்குத் தவறான விரிவு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து அளவு. லிங்க்ட்இன் தலைப்பு வரிக்கு 220 எழுத்து, 'அபவுட்' (தன்னறிமுகம்) பகுதிக்கு 2,600, பதிவுக்கு 3,000. "220-க்குள் எழுது" என்று சொன்னாலும் ஏஐ தாண்டிவிடலாம். அது எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை, சொல் துண்டுகளாகவே கையாள்கிறது. நீங்களே எண்ணிப் பாருங்கள். தமிழில் எழுதுவோருக்கு இடம் இன்னும் குறைவு: 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் கணினிக்கு ஐந்து. தலைப்பு வரியில் வேலை, துறை, ஊர் மூன்றும் முதலிலேயே வரட்டும். 'அபவுட்' பகுதியின் முதல் சில வரிகள் மட்டுமே வெளியே தெரியும், மீதி 'சீ மோர்' அழுத்தினால்தான். அந்த இடத்தை "வணக்கம், என் பக்கத்துக்கு வரவேற்கிறேன்" என்று வீணாக்கக் கூடாது.

பதிவுகளுக்கும் இதே முறைதான். வாரம் ஒன்று போதும், வேலையில் பார்த்த ஒரே ஒரு விஷயம் பற்றி. பிறர் பதிவுக்கான கருத்தை மட்டும் ஏஐயிடம் வாங்கி ஒட்டாதீர்கள். எதிரில் இருப்பவர் தன்னோடு ஒரு ஆள் பேசுவதாக நம்பிப் படிக்கிறார்.

கல்லூரிகள் கட்டாயம் சொல்லித்தர வேண்டியது ரகசியம் காப்பது. பையர் பெயர், விலை, காஸ்டிங் ஷீட் (செலவுக் கணக்கு), டெக் பேக் (ஆடையின் அளவு, வடிவமைப்பு விவரத் தொகுப்பு) எதையும் ஏஐயில் ஒட்டக் கூடாது. 2023-ல் சாம்சங் ஊழியர்கள் சாட்ஜிபிடியில் மென்பொருள் நிரலை இட்டது தெரியவந்ததும், அந்நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. 'ஒரு ஐரோப்பிய பையர்' என்று எழுதினால் போதும். சாட்ஜிபிடி செட்டிங்ஸில் 'டேட்டா கன்ட்ரோல்ஸ்' பகுதியிலும், லிங்க்ட்இன் செட்டிங்ஸில் 'டேட்டா பிரைவசி' பகுதியிலும் நம் தகவலை ஏஐ பயிற்சிக்கு எடுப்பதை நிறுத்தும் வசதி இருக்கிறது. இரண்டு இடத்திலும் அதை நிறுத்திவிட்டுத் தொடங்குவது நல்லது.

வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறிப்பு எழுத ஒரு மணி நேரம், ஏஐயோடு அரை மணி நேரம் என்று வகுப்பைப் பிரியுங்கள். பக்கம் முடிந்ததும் அதையே ஏஐயிடம் கொடுத்து, "நீ இந்தத் துறை மேலாளர். இதில் எந்த வரியை நம்ப மாட்டாய்? அதைப் பற்றிப் பத்துக் கேள்வி கேள்" என்று மாணவரைக் கேட்கச் சொல்லுங்கள். எந்த வரிக்கு அவரால் இரண்டு நிமிடம் பேச முடியவில்லையோ, அந்த வரியை அன்றே நீக்கச் செய்யுங்கள்.

- வேலைவாய்ப்புப் பயிற்சியாளர்கள், திருப்பூர்